தூணோர இடம் கொண்ட பரணி

ஊசிமுனை வேலினனை, உப்புக்கரைசல் குப்பிகளை ஒற்றைக் கையில் ஏந்தித் தாழ்வாரம் அதிர நடப்பவனை, மூட்டை தூக்கித் தேய்ந்த தோளுடையார் பெற்ற தலைமகனை, எலும்பு முறிவு வார்டின் பகல்நேர நர்ஸைப் பாடுவோம், பாட வேறு ஆள் அகப்படாமையால் அவனே பாடுகிறான், அவன் அடியேன்.

கூடுதல் சம்பளம் தரும் ஆஸ்பத்திரிகளை நோக்கி நர்ஸ்படை கூட்டங்கூட்டமாய்ப் பெயர்வது கண்டு கலங்கிய நிர்வாகம், "இங்கேயே இருப்போர்க்கெல்லாம் கார்! தவணையில் பாதி எமது! மும்முறை தாமதமாய் வருவோர் கார் மட்டும் அடுத்தவர்க்கு!" என முரசறைந்தது. வேறிடத்துக்கு வாக்குக் கொடுத்திருந்த நம் வீரன் அவ்வாக்கைக் காற்றில் விட்டு, வெள்ளிநிறத் தேரின் சாவி பெற்று, மனையாளை முன்னிருக்கையில் ஏற்றித் தன் தெருவையே வேலையற்று வலம் வந்தான். அப்பன் சுமையை ஏற்றிக்கொண்டு நடந்தான்; மகன் கடன்மேல் ஏறிக்கொண்டு பறந்தான்.

ஆயின் கார் கொடுத்த பெருந்தகையோர் அதை நிறுத்த இடம் கொடுத்திலர். ஆம்புலன்ஸுக்கு ஒதுக்கியது போக எஞ்சிய களமோ கைக்குட்டை அளவு. அங்கே சுற்றிச் சுற்றியே இருமுறை தாமதக் கறை பட்டவன் நம் வீரன். இன்னொரு கறை விழுந்தால் தேர் போம். தேர் போனால் மனையாள் முகத்தில் விழிப்பதெங்ஙனம்?

ஒருநாள் காலைப் பொழுதில் தூணோரம் ஒரேயோர் இடம் காலியாய்க் கிடந்தது. எதிர்த்திசையினின்று, முடங்கிய முழங்கால்களை மடக்கி நிமிர்த்தும் இரும்புக்கரத்தாள், பிசியோதெரபி அக்கா, செந்நிறத் தேரில் சீறி வந்தாள். ஹாரன்கள் போர்ச்சங்கென முழங்கின. வீரன் பதறி இண்டிகேட்டரைத் தேட, வைப்பர் விழித்தெழுந்து, மழையில்லாக் கண்ணாடிமேல் வாள் வீசிற்று.

அவள் சாளரம் இறக்கி மொழிந்தாள்: "தம்பி, நான் இண்டிகேட்டர் போட்டாச்சு."

"நான் வீட்லேருந்து கிளம்பும்போதே மனசுல போட்டுட்டேன்க்கா."

"நீங்க பேசி முடிங்க," என்றார் வாட்ச்மேன் அண்ணன், "அதுவரைக்கும் என் சைக்கிளை அங்க வச்சுக்கறேன்."

அண்ணனை முறைக்க அக்கா தலை திருப்பிய கணத்தில், யானை குகை புகுந்தாற்போல், நெருப்புக்கு அஞ்சிய எலி வளை புகுந்தாற்போல், கண்ணை மூடிக்கொண்டு தேரை உள்ளே செலுத்தினான் வீரன். தூண் அவன் பக்கக் கண்ணாடியைத் தின்றது. ஒருபுறம் தூணும் மறுபுறம் அடுத்த காரும் நெருக்கக் கதவுகள் திறவாமையின், இருக்கைகளின்மேல் ஊர்ந்து, டிக்கி வழியே தலை முதலாய் மறுபிறவி எடுத்தான்.

"மூட்டு வலின்னு என்கிட்டதானே வரணும்," என்றாள் அக்கா, வண்டியைத் திருப்பியவாறே. "அப்ப பாத்துக்கறேன்."

வெற்றி! வெற்றி! வார்டுக்குள் மூச்சிரைக்கப் புகுந்தவன் கறையின்றித் தப்பினான். அன்றெல்லாம் மாக்கட்டுப் போட்ட கால்களுக்கிடையே மன்னனென உலவினான். பொழுது சாய, சாவி குலுங்கக் களம் மீண்டு, தன் வெள்ளித்தேரை உற்று நோக்கினான். எடுத்தால் இவ்விடம் இன்றிரவே பறிபோம். போயின் நாளை மீண்டும் போர்; தோற்றால் மூன்றாம் கறை; கறை விழுந்தால் தேரே இல்லை. தேரைக் காக்க வழி ஒன்றே எனத் தெளிந்தான்.

"என்னப்பா, வண்டிய எடுக்கலையா?" என்றார் அண்ணன்.

"இங்கயே இருக்கட்டும்ணே. பாத்துக்குங்க."

பஸ்ஸில் நின்றுகொண்டே வீட்டுக்குப் போனேன்.