இருபத்துநாலு தகரமும் மூன்றாம் நம்பர் கேமும்

தெல்கஹவத்தைத் தோட்டத்தின் மேல் டிவிசனில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையான ஏழாம் லயத்தின் கூரை பதினொரு வருடங்களாக முறைப்படி ஒழுகி வந்தது. முறைப்படி என்று சொல்லக் காரணம் உண்டு. ஒழுக்கைப் பற்றி எழுதிய ஒவ்வொரு கடிதத்துக்கும் தோட்ட அலுவலகம் தவறாமல் பதில் அனுப்பியது. கடைசிப் பதில் இப்படி இருந்தது: "மேற்படி கூரை மழையற்ற ஒரு நாளில் நேரில் பரிசோதிக்கப்பட்டது. ஒழுக்கு எதுவும் அவதானிக்கப்படவில்லை என்பதை மகிழ்ச்சியுடன் அறியத் தருகிறோம்."

அந்தக் கடிதத்தை, தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டர் பிரதீபன், அதே லயத்திலிருந்த தன் ஒற்றை அறைக் காம்பராவில் பத்திரமாக வைத்திருந்தான். இரண்டாம் நாளே அது நனைந்துவிட்டது.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு பங்குனி மாதம், அலுவலகச் சுவரில் ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டது. "சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழா. மோட்டார் சைக்கிள் போட்டி. தூரம் ஐம்பது யார் (கெஜம்). பரிசு: புதிய கூரைத் தகரம் இருபத்துநாலு. விதிமுறைகளை அலுவலகத்தில் பார்வையிடலாம்."

பிரதீபன் இரண்டு தரம் வாசித்தான். ஏழாம் லயத்துக்குத் தேவையான தகரம் சரியாக இருபத்துநாலு. அவனிடம் ஒரு பழைய நூற்றிருபத்தைந்து சிசி மோட்டார் சைக்கிளும் இருந்தது. நேரே தோட்ட அலுவலகத் தலைமை எழுத்தரான பெரிய கிளாக்கர் அந்தனியிடம் போனான்.

"ஐயா, தகரம் ஸ்டோர்லதான் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப எங்க லயத்துக்கே குடுத்திடலாமுங்களே?"

கிளாக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கொடுக்கிறதுக்கு அலுவலகத்துக்கு அதிகாரம் இல்ல பிரதீபன். பரிசளிக்கத்தான் அதிகாரம் இருக்கு."

"சரிங்க ஐயா. விதிமுறையைப் பார்க்கலாமா?"

"தாராளமா பார்க்கலாம். அதுக்கு ஒரு படிவம் நிரப்பணும்."

"குடுங்க, நிரப்புறேன்."

"படிவம் முடிஞ்சிருச்சி. புதுசு அச்சடிக்க மேலிடத்துக்கு எழுதியிருக்கோம். வைகாசியில வரும்."

"போட்டி சித்திரையிலங்களே?"

"அதனாலதான் முன்கூட்டியே எழுதினோம்" என்றார் கிளாக்கர்.

அன்று பின்னேரமே ஏழாம் லயத்து வாசலில் கூட்டம் கூடியது. லயத்துத் தலைவர் அழகமுத்து தலைமையில் 'கேம் தண்டுத் தெரிவுக் குழு' அமைக்கப்பட்டது. கேம் தண்டு என்றால் என்ன என்று குழுவுக்கு பிரதீபன் பொறுமையாக விளக்கினான். இஞ்சினுக்குள் வால்வு என்ற இரண்டு சின்னக் கதவுகள் உண்டு. ஒன்று வழியாகக் காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும். மற்றது வழியாகப் புகை வெளியே வரும். அந்தக் கதவுகளைத் திறந்து மூடுவது கேம் தண்டு. தண்டிலுள்ள புடைப்பு எவ்வளவு பெரிதோ, கதவு அவ்வளவு அகலமாக, அவ்வளவு நேரம் திறந்திருக்கும். வண்டி பறக்கும்.

அந்த வருடம் புளத்கொகுபிட்டியவிலிருந்து வரக்காப்பொல வரைக்கும் எல்லா இளைஞர்களும் பெரிய புடைப்புள்ள மூன்றாம் நம்பர் கேம்தான் போட்டிருந்தார்கள். அது இல்லாத வண்டியில் பெண் பார்க்கப் போனால் தேத்தண்ணி சீனி இல்லாமல்தான் வரும் என்று பேச்சு.

"அப்ப மூணாம் நம்பர்தான்" என்றார் தலைவர்.

"நாலாம் நம்பர் இல்லையா?" என்று கேட்டாள் கொழுந்தெடுக்கும் சின்னம்மா. "எங்க காம்பராவுலதான் ரொம்ப ஒழுகுது."

"புடைப்பு பெரிசா இருக்கணும். அது முக்கியம்" என்று தலைவர் முடித்துவைத்தார்.

பிரதீபனின் மனைவி துஷ்யந்தி, வாளியில் விழுந்திருந்த தண்ணீரை வெளியே ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "என்னங்க, அது என்ன போட்டின்னு யாராச்சும் கேட்டீங்களா?"

"மோட்டார் சைக்கிள் போட்டிம்மா" என்றார் தலைவர், குழந்தைக்குச் சொல்வதுபோல.

"அதுல என்ன செய்யணும்?"

இந்தக் கேள்வி குழுவின் அதிகார எல்லைக்கு அப்பாற்பட்டது என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.

மறுநாள் புளத்கொகுபிட்டிய டவுனில், மெக்கானிக் ஜமால்தீனிடம் குழு முழுவதும் போய் நின்றது. ஜமால்தீன் மூன்று தண்டுகளை எடுத்துத் துணியில் துடைத்து மேசையில் வரிசையாக வைத்தார்.

"தம்பி, முதல்ல வேலைய சொல்லுங்க. எந்த ரோட்டு, எவ்வளவு வேகம்? வேலைக்குத்தான் கேம். கேமுக்கு வேலை இல்ல."

"எல்லாரும் போடுறது எது, நானா?" என்று பிரதீபன் அவரை அண்ணன் முறை வைத்துக் கேட்டான்.

"மூணாம் நம்பர். ஆனா சொல்லிப்போட்டன், இது வேகத்துல மட்டும்தான் நல்லா ஓடும். மெதுவாப் போனா இருமும். அக்சலேட்டர விட்டா செத்துப்போகும். உங்கட பழைய கேம் தங்கம். நின்ன இடத்துல ஒரு நாள் முழுக்க உறுமாம நிக்கும்."

"நிக்கிறதுக்கா நாங்க ரேஸுக்குப் போறோம்?" என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். பிரதீபன்தான் மற்றவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தான்.

பழைய தண்டையும் இரண்டு சாவல் கோழிகளையும் ஜமால்தீனிடம் கொடுத்து, மூன்றாம் நம்பரை மாட்டிக்கொண்டு வந்தார்கள்.

புத்தாண்டு விழா அன்று மைதானத்தில் ஆறு வண்டிகள் வரிசையில் நின்றன. கடைசியில் பெரிய கிளாக்கர் அந்தனியும் தன் வண்டியில் நின்றார். அவருடையதும் நூற்றிருபத்தைந்துதான். அவரைக் கண்டதும் பிரதீபனுக்குச் சிரிப்பு வந்தது. அந்த மனிதர் இருபத்தாறு வருடங்களில் ஒரு வேலையைக்கூட அவசரமாகச் செய்து யாரும் பார்த்ததில்லை.

பிரதீபனின் வண்டி நிற்க மறுத்தது. கை தளர்ந்தால் இருமிச் சாகப் பார்த்தது. எனவே அவன் அக்சலேட்டரைத் திருகியபடியே நின்றான். வண்டி மைதானம் அதிர அலறியது. ஏழாம் லயத்து ஆட்கள் பெருமையோடு வண்டியைச் சுற்றி நின்றார்கள். ஒலிபெருக்கியில் யாரோ முதலில் சிங்களத்திலும் பிறகு தமிழிலும் எதையோ விரிவாக விளக்கினார். ஏழாம் லயத்துக்கு ஓர் எழுத்தும் கேட்கவில்லை.

"என்ன சொல்றாங்க?" என்று பிரதீபன் கத்தினான்.

"வாழ்த்துச் சொல்றாங்க!" என்று தலைவர் திரும்பக் கத்தினார்.

கொடி விழுந்தது. மூன்றாம் நம்பர் கேம் தன் பெயரைக் காப்பாற்றியது. ஐம்பது யாரை பிரதீபன் நாலு விநாடியில் கடந்து, கோட்டையும் தாண்டி, வாழைக்குலை கட்டியிருந்த கம்பத்துக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினான். திரும்பிப் பார்த்தான். மற்ற ஐவரும் இன்னும் புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தார்கள். அவன் நெஞ்சு விம்மியது. இவ்வளவு தூரம் பின்னால் விட்டுவிட்டோமா!

ஏழாம் லயம் ஓடிவந்து அவனைத் தோளில் தூக்கியது. சின்னம்மா குலவையிட்டாள். தலைவர் மாலை போட்டார். அலறிய வண்டி தானாகவே இருமிச் செத்தது. அப்போதுதான் ஒலிபெருக்கி காதில் விழுந்தது.

"மீண்டும் நினைவூட்டுகிறோம். இது மெதுவாக ஓட்டும் போட்டி. காலை நிலத்தில் ஊன்றாமல், கடைசியாக வந்து சேர்பவரே வெற்றியாளர். ஏழாம் லயத்துப் போட்டியாளர் வெளியேற்றப்பட்டார். அவரைத் தயவுசெய்து கீழே இறக்கி வைக்கவும்."

இறக்கி வைத்தார்கள்.

அதன் பிறகு எல்லோரும் நின்று பார்த்தார்கள். ஒவ்வொரு வண்டியாக இருமியது, துள்ளியது, செத்தது. அவையும் மூன்றாம் நம்பர்தான். பெரிய கிளாக்கர் மட்டும் வந்துகொண்டிருந்தார். ஒரு பைலை மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நகர்த்தும் நிதானத்தோடு வந்தார். ஆறு நிமிடமும் பதினொரு விநாடியும் எடுத்துக் கோட்டைத் தொட்டார். வண்டி சத்தமே போடவில்லை.

கூட்டத்தில் நின்ற ஜமால்தீனின் முகம் மலர்ந்தது. "பார்த்தீங்களா தம்பி, என்ன அழகா நிக்குது! அவர்ட கேம் தேஞ்சு போயிருந்திச்சி. போன கிழமை உங்கட பழைய கேமத்தான் போட்டுக் குடுத்தன்."

பிரதீபன் மாலையைக் கழற்றினான். துஷ்யந்தி அதை வாங்கிக்கொண்டு, மழைக்கு முன்னே வாளி வைக்க லயத்துக்கு நடந்தாள்.

வைகாசியில் படிவங்கள் வந்து சேர்ந்தன. அதே தபாலில் ஏழாம் லயத்துக்கு ஒரு கடிதமும் வந்தது. "கையிருப்பிலிருந்த தகரம் போட்டி மூலம் வழங்கப்பட்டுவிட்டபடியால், தங்கள் கூரை தொடர்பான விடயம் தீர்க்கப்பட்டதாகக் கருதி இப்பைல் மூடப்படுகிறது." தகரம் பெரிய கிளாக்கரின் வண்டிக் கொட்டிலுக்குக் கூரையானது. பிரதீபனின் கேம் தண்டு இப்போது ஒரு சொட்டும் நனையாமல் இருக்கிறது.

ஆனி மாதத்தில் குழு மீண்டும் கூடியது. குடை பிடித்துக்கொண்டு தீர்மானம் எழுதினார்கள். மறுநாள் ஜமால்தீனின் வாசலுக்குப் போனால், அங்கே ஏற்கெனவே நாலு தோட்டத்து ஆட்கள் வரிசையில் நின்றார்கள். எல்லோர் கக்கத்திலும் சாவல். எல்லோருக்கும் 'கிளாக்கர் கேம்' வேண்டுமாம். அதன் விலை இப்போது மூன்று சாவல்.

முறை வந்ததும் ஜமால்தீன் பெருமூச்சு விட்டார். "தம்பி, வேலைய சொல்லுங்க. வாற வருஷம் என்ன போட்டி?"

தலைவர் பிரதீபனைப் பார்த்தார். பிரதீபன் சின்னம்மாவைப் பார்த்தான். சின்னம்மா தன் சாவலைப் பார்த்தாள்.

"அதுக்குப் படிவம் நிரப்பணும் நானா" என்றான் பிரதீபன். "பின்னால வரிசை நீளமா இருக்கு. முதல்ல கேமப் போடுங்க."