சுரைக்காய்க்குப் போட்ட சட்டை

அன்றைக்கு எனக்கு இருந்த வேலை ஒன்றுதான். அக்கா பிள்ளைக்கு ஒரு சட்டை தைக்க வேண்டும்.

யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய வேலை. அது என்னிடம் வந்ததுதான் சிக்கல்.

யுத்த காலம். துணி ரேஷன் கார்டுக்குத்தான் கிடைக்கும். கார்டை நீட்டினாலும் கடை அண்ணாச்சி, "துணி வரும்போது சொல்லுதேன், போயிட்டு வா" என்பார். துணி வரும். அவர் சொல்ல மாட்டார்.

அக்கா தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஆண் பிள்ளை. தொட்டில் கட்டும் நாளில் தாய்மாமன் கொடுக்கும் சட்டையோடுதான் பிள்ளையைத் தொட்டிலில் இடுவது அவள் புகுந்த வீட்டு வழக்கம். தாய்மாமன் நான்தான். அன்றைக்கு உடன்குடியிலிருந்து அவள் மாமியார் வருகிறார். கல்யாணத்துக்கு வந்தபோதே பந்தலை அண்ணாந்து பார்த்து, எந்த மூலையில் ஓலை கம்மி என்று சொன்னவர்.

"ஏலே, அத்தை முன்னால என்னை விட்டுக்கொடுத்துராத. சட்டை இல்லைன்னா அவுக ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாக," என்றாள் அக்கா, அறைக்குள்ளிருந்தே.

"நானே தைச்சுத் தாரேன்க்கா."

உள்ளே அவள் அம்மாவிடம், "வேற வழியே இல்லையாம்மா?" என்று கேட்டது காதில் விழுந்தது.

அவள் சந்தேகத்தில் நியாயம் உண்டு. நான் துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்குக் கிட்டங்கியில் மூட்டை தைக்கிறவன். மிளகாய் வற்றலோ, மருந்து இலையோ, சாக்கில் திணித்துக் கொடுத்தால் கோணி ஊசியால் வாயைத் தைத்துக் கப்பலுக்கு அனுப்புவேன். கொழும்பில் போய்க் கத்தி வைத்து அறுத்தால்தான் பிரியும். சட்டையும் ஏறக்குறைய அப்படித்தானே என்று நினைத்தேன்.

துணிக்குத் தோணி ஓட்டும் தண்டல் ஒருவரைப் பிடித்தேன். கிழிந்த பாய்மரத்துப் பாயில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார்.

"பழசுன்னு பாக்காதலே. எத்தனையோ புயல் பார்த்த துணி. உம் மருமகன் எவ்வளவு நனைச்சாலும் தாங்கும்."

அடுத்தது அளவு. பிரசவ அறைக்குள் ஆம்பிளைகளை விட மாட்டார்கள். உள்ளே போய்விட்டு வந்த பக்கத்து வீட்டு லூர்தம்மா அக்காவிடம் கேட்டேன்.

"பிள்ளை எவ்வளவு பெருசு இருக்கான்க்கா?"

"ஒன் சுரைக்கா மாதிரி கொழுகொழுன்னு இருக்கான்லே."

என் சுரைக்காய் என்பது கிணற்றடிப் பந்தலில் தொங்கியது. வீட்டுக்கு வீடு காய்கறி போடுங்கள் என்று சர்க்கார் சொல்லிக்கொண்டிருந்ததால் நானும் போட்டிருந்தேன். எங்கள் தெரு மணலில் கத்தரி கருகியது. வெண்டை பூச்சிக்குப் போனது. சுரை மட்டும் படர்ந்து, ஒரே ஒரு காய் காய்த்தது. அதற்கும் காரணம் நான் இல்லை. லூர்தம்மா அக்கா மீன் கழுவின தண்ணீரைத் தினமும் அதன் தூரில்தான் ஊற்றுவார். அந்தக் காயைத் தொட்டில் விருந்துக் கூட்டுக்கென்று அம்மா ஒதுக்கி வைத்திருந்தாள்.

ஆக, பிள்ளையின் அளவு எனக்காகக் கொல்லையிலேயே தொங்கியது.

வெறுந்துணியை மடியில் வைத்துத் தைக்க எனக்கு வராது. உள்ளே சரக்கு இருந்தால்தான் என் ஊசி ஓடும். அதனால் துணியைக் காயின் மேலேயே சுற்றித் தைத்தேன். தோள் வந்தது. பக்கம் வந்தது. இரண்டு கைகளும் வந்தன. காம்புதான் கழுத்து. தொட்டில் அன்றைக்குக் காயைப் பறித்து உருவினால் கூட்டுக்குக் காய், பிள்ளைக்குச் சட்டை. இப்படி ஒரு புத்தி எந்தத் தையற்காரனுக்கு வரும் என்று கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

யார் கண்ணும் படாமலிருக்க மேலே ஒரு சாக்கைச் சுற்றிவிட்டேன். காயைச் சாக்கால் மறைப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான், அம்மா ஒன்றும் கேட்கவில்லை.

அப்புறம் கப்பல் வந்துவிட்டது. கிட்டங்கியே கதி என்று கிடந்தேன். சுரைக்காயை யார் நினைத்தார்கள்? லூர்தம்மா அக்கா மட்டும் நினைத்திருக்கிறார். மீன் தண்ணீர் தவறாமல் விழுந்திருக்கிறது.

தொட்டில் நாள் காலையில் சாக்கை அவிழ்த்தேன்.

காய் பெருத்திருந்தது. சட்டை பெருக்கவில்லை. புயல் பார்த்த துணி, சுரைக்காய்க்கா அசையும்? தோள் விம்மி, வயிறு புடைத்து, தையல் காய்க்குள் பதிந்து கிடந்தது. சரி, கீழ்வழியாக உருவலாம் என்று குனிந்து பார்த்தேன்.

கீழ்வழி இல்லை. மூட்டை தைக்கிற கை, பழக்கத்தில் அடியையும் தைத்து மூடியிருந்தது. முடிச்சுகூட அழகாக இருந்தது.

கத்தி எடுக்க வீட்டுக்குள் ஓடினேன். அந்த நேரம் பார்த்து உடன்குடி அத்தை வந்து இறங்கி, கால் கழுவக் கிணற்றடிக்குப் போயிருக்கிறார்.

இன்னும் சரியாக விடியவில்லை. பந்தலில் வெள்ளைச் சட்டை. இரண்டு கைகளும் கடல்காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

"எம்மா, பிள்ளையக் கொண்டுபோய்ப் பந்தல்ல தொங்கவிட்டிருக்காவளே!"

வீடே கிணற்றடிக்கு ஓடியது. நான் கத்தியோடு ஓடினேன். அது நிலைமைக்கு உதவவில்லை.

"அத்தை, அது சட்டை," என்றேன். என் குரல் இயல்பிலேயே மெதுவு. எனக்கே பாதிதான் கேட்டது.

"கத்தியக் கீழ போடுலே," என்றார் அத்தை.

போட்டேன். அதற்குள் அம்மா கிட்டே போய்த் தொட்டுப் பார்த்துவிட்டாள். "மதினி, இது பிள்ளை இல்ல. கூட்டுக்கு வச்சிருந்த காய்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "காய்க்கு எதுக்குலே சட்டை போட்ட? அதுக்குக் குளிருதா?"

கொல்லை வாசலில் உட்கார்ந்திருந்த என் தாத்தா சொன்னார்: "சுரைக்காய்க்குள்ள ராசா மகன் இருந்த கதைய நாந்தான் சின்னதுல சொல்லுவேன். இவன் இன்னும் நம்பிக்கிட்டு இருக்கான் போல."

விஷயத்தைச் சொன்னேன். இரண்டாம் தடவை சொன்னபோது எல்லாருக்கும் கேட்டது. கேட்காமலே இருந்திருக்கலாம்.

அத்தை காயைச் சுற்றி வந்து பார்த்தார். அடித்தையலை விரலால் இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

"பிள்ளை வெளிய வர வழி எங்கன வச்சிருக்க?"

"வைக்கலை அத்தை."

"நல்ல நேரம் முடியப் போகுது. காய அறுத்து, துணிய அலசி, எப்பக் காயுறது? மாமன் சட்டை இல்லாம எங்க வீட்டுப் பிள்ளை தொட்டில் ஏறுனதில்ல."

அறை ஜன்னலில் அக்கா முகம் தெரிந்தது. என்னைத் திட்டக்கூட இல்லை. வெறுமனே பார்த்தாள். அதற்குத் திட்டியிருக்கலாம்.

அத்தை காயை இரண்டு கையாலும் தாங்கி, காம்பைத் திருகிப் பறித்தார். இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"பிள்ளைக்கு முன்னால தொட்டில்ல என்னத்தப் போடுவோம்?"

"அம்மிக்குழவி," என்றாள் அம்மா. கல்லைப் போலப் பிள்ளை திடமாக இருக்கட்டும் என்று முதலில் குழவியைப் போட்டு ஆட்டுவது வழக்கம்.

"இன்னைக்குக் குழவிக்குப் பதிலா இதப் போடுவோம். மாமன் சட்டை மொதல்ல தொட்டில் ஏறட்டும், பின்னால பிள்ளை ஏறட்டும். வழக்கமும் நிக்கும், இவன் மானமும் கொஞ்சம் நிக்கும்."

அப்படியே சுரைக்காய் தொட்டில் ஏறியது. கை இரண்டையும் அத்தையே ஒழுங்காக மடித்து வைத்தார். பெண்கள் சுற்றி நின்று தாலாட்டுப் பாடினார்கள். சிரிப்பில் பாதிப் பாட்டு நின்றுபோய், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். லூர்தம்மா அக்கா குனிந்து, "யாரு ஜாடை?" என்று கேட்டார். அத்தை என்னைப் பார்த்துவிட்டு, "மாமன் ஜாடைதான், வாயத் தொறக்கல," என்றார்.

ஜன்னல் பக்கம் அக்கா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். எனக்கு மூச்சு வந்தது.

பிறகு என் மருமகனைப் போட்டார்கள். அவன் தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி அழுதான். "சுரைக்கா எவ்வளவு சமத்தா இருந்துச்சு," என்றாள் அம்மா.

அம்மா அடித்தையலை அறுத்து, காயைத் துண்டு துண்டாக எடுத்துக் கூட்டு வைத்தாள்; சட்டையை அலசிக் காயப்போட்டாள். சாயங்காலம் அது காய்ந்ததும் கழுத்தைக் கொஞ்சம் அறுத்துவிட்டுப் பிள்ளைக்குப் போட்டாள். அளந்து தைத்தது போல இருந்தது. அத்தை உடன்குடிக்குத் திரும்பும்வரை பிள்ளையை மடியை விட்டு இறக்கவில்லை. "ஊசியோட கிட்ட வந்துராதலே" என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

அடுத்த பிள்ளைக்கு அக்கா என்னிடம் தலையணை உறைதான் கேட்டாள். அதிலும் ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டுமாம்.