எட்டுத் திருகு டாக்டர்

கழற்றிமாட்டி என்றொரு இனம் உண்டு, வாசகரே. பார்த்திருப்பீர்கள். நன்றாக இருக்கும் ஒரு பொருளை வீட்டுக்குக் கொண்டுவருவார். கழற்றுவார். மாட்டுவார். எது குறைகிறது என்று யோசிப்பார். மறுபடி கழற்றுவார். கைக்கடிகாரத்தைக் கழற்றுகிறவர்கள் உண்டு, சைக்கிளைக் கழற்றுகிறவர்கள் உண்டு. ஆனால் நோய் முற்றிப்போன நிலையைப் பார்க்க வேண்டுமானால், பழைய மாடல் எலெக்ட்ரிக் கிட்டார் வைத்திருப்பவரிடம்தான் போக வேண்டும்.

எங்கள் மேல்வீட்டில் ஒருவர் இருக்கிறார். தொழில், பல் டாக்டர். அவருடைய கிட்டார், பழைய காலத்துக் கிட்டாரைப் பார்த்துப் புதிதாகச் செய்தது. அங்கேதான் வினை. எந்த வருஷத்துப் பழசு? ஆரம்பகாலக் கிட்டாரில் முகத்தகடு கறுப்பு, அதற்கு ஐந்து திருகு. பின்னால் வந்ததில் தகடு வெள்ளை, எட்டுத் திருகு. ஆரம்பத்தில் தந்திகளைத் தாங்க மூன்றே பித்தளைக் கட்டைகள், கட்டைக்கு இரண்டு தந்தி; பின்னால் தந்திக்கொன்றாக ஆறு. டாக்டர் வாங்கியதிலோ தகடு கறுப்பு, திருகு எட்டு!

"கறுப்புத் தகட்டுல எட்டுத் திருகு. அடுக்குமா சார்?" என்று குரல் தழுதழுக்கக் கேட்பார். யாரிடம்? நாற்காலியில் வாயைப் பிளந்தபடி படுத்திருக்கும் நோயாளியிடம். அவர் என்ன சொல்ல முடியும்? "ஆ" என்பார். ஆமோதித்துவிட்டார் என்று டாக்டர் அடுத்த திருகுக்குப் போவார்.

திருகில் ஆரம்பித்தது திருகோடு நின்றதா? தகட்டை மாற்றினார், தகடு மாறியதும் ஆறு கட்டை உறுத்தியது, மூன்றாக்கினார், மூன்றில் சுருதி சரியாக நிற்கவில்லை, ஆறாக்கினார், ஆறில் சுருதி நின்றது, "உயிர் போச்சு" என்று மறுபடி மூன்றாக்கினார், தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பை மாற்றினார், உள்ளே ஓடும் ஒயரை அந்தக்காலத்து மாதிரி துணி சுற்றிய ஒயராக மாற்றினார், கழுத்தை மாற்றினார், கடைசியில் உடம்பையே மாற்றிவிட்டு, அந்தப் புது உடம்பு ஐம்பது வருஷம் உழைத்ததுபோல் தெரிய வேண்டும் என்று உப்புத்தாளால் ஒரு மாதம் தேய்த்தார். கழற்றிய எதையும் எறியமாட்டார். சின்னதெல்லாம் ஷூ பெட்டியில், பெரியதெல்லாம் போர்வையில் சுற்றி அலமாரியின் மேல்.

வாசிப்பது? அதற்குத்தான் நேரமில்லை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவருக்கு ஆடத் தெரியும், நன்றாகவே தெரியும். ஆனாலும் கூடத்தை இடித்துக் கட்டாமல் ஆடமாட்டார்.

டாக்டரின் மனைவி கணக்கு டீச்சர். கல்யாணத்துக்கு முன்னால், அப்போதுதான் வாங்கிய இதே கிட்டாரில் டாக்டர் ஒரு பாட்டு வாசித்தார். டீச்சர் அந்தப் பாட்டில் விழுந்தவர்தான். பன்னிரண்டு வருஷமாக அதை முழுசாகக் கேட்கவில்லை.

"இருபதாவது கல்யாண நாளுக்கு எனக்கு ஒண்ணும் வேண்டாம். அந்தப் பாட்டை ஒரு தடவை முழுசா வாசிங்க, போதும்."

"கண்டிப்பா! இந்த ஒரு பிக்கப்பை மட்டும் மாத்திக்கிறேன்."

"நோயாளிங்ககிட்ட ஆடாத பல்லைத் தொடமாட்டேங்கறீங்க. இதை மட்டும் ஏங்க பிடுங்கறீங்க?"

டாக்டர் வாயில் ஏற்கெனவே இரண்டு திருகுகள் இருந்தன.

அந்த நாளும் வந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு நாங்கள் நாலைந்து பேர் போய் உட்கார்ந்தோம். சாப்பாட்டு மேசையில் கிட்டார் பதினோரு துண்டாகக் கிடந்தது. "ஒரு பத்து நிமிஷம்..." என்று டாக்டர் தலை குனிந்தார். டீச்சர் உள்ளே போய் வேறொரு கிட்டாரைக் கொண்டுவந்து நீட்டினார்.

"ரிப்பேர்காரர் கடையிலேர்ந்து வாங்கிட்டு வந்தேன். இதுல வாசிங்க."

டாக்டர் ஏற இறங்கப் பார்த்தார். "கறுப்புத் தகடு, எட்டுத் திருகு! யாரோ விவரம் தெரியாத ஆளோடது" என்று சலித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

பாதிப் பாட்டில் கை நின்றது. கண் கலங்கியிருந்தது.

"இந்தச் சத்தம்! இதைத்தானே இத்தனை வருஷமாத் தேடறேன்! யாரோடது இது? என்னென்ன மாத்தியிருக்காங்க?"

"ஒண்ணும் மாத்தலை. நீங்க கழட்டிப் போட்டதையெல்லாம் ஒண்ணு விடாம எடுத்துட்டுப் போய் மாட்டச் சொன்னேன். உங்களோடதுதான்."

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவரின் முகத்தை அன்றுதான் பார்த்தேன். டாக்டர் கிட்டாரைத் திருப்பினார், தடவினார், எண்ணினார். எட்டு. கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. பையில் திருப்புளி இல்லை. அது டீச்சர் கையில் இருந்தது.

"பாட்டு பாதியில நிக்குது" என்றார் டீச்சர்.

முழுசாக வாசித்தார். டீச்சர் அழுதார். நானும்தான், இதில் என்ன வெட்கம்?

"எப்படி இருந்துச்சு?"

"அன்னிக்கு மாதிரியே இருந்துச்சுங்க."

"அன்னிக்கு மாதிரியேவா?" டாக்டர் மோவாயைத் தடவினார். "அப்போ இன்னும் கொஞ்சம் நல்லா ஆக்கலாம்."

டீச்சர் திருப்புளியைக் கைப்பையில் போட்டுப் பையை இழுத்து மூடினார்.

நமக்குக் கிட்டாரே பிடிக்கத் தெரியாது என்று நிம்மதியாகச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இந்தக் கட்டுரையின் முதல் வரியை நான் பதினேழு முறை மாற்றினேன். முதலில் எழுதியதுதான் நன்றாக இருந்தது என்கிறாள் என் மனைவி. என் கதை கிடக்கட்டும். படித்துக்கொண்டு வரும்போது, 'இந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் மாற்றியிருக்கலாமே' என்று உங்களுக்கு எங்காவது தோன்றியதா?

தோன்றியதல்லவா? திருப்புளியைக் கீழே வையுங்கள்.