கடற்சிங்கம் கோணா குடித்த போத்தல்

இனி என் வாழ்நாளில் சட்டி பானை கழுவுவதில்லை என்று தீர்மானித்தேன். அதற்காகவே நாவல் எழுதத் தொடங்கினேன்.

எங்கள் வீட்டில் சமையல் மனைவி செல்வமலர், கழுவல் நான். எழுத்தாளனின் கையில் யாராவது சவர்க்காரம் கொடுப்பார்களா?

"ஓம், எழுதுங்கோ," என்றாள் மலர். "பிள்ளை கடைசி அத்தியாயம் வரைக்கும் எழும்பாமல் கேட்டால் உங்களுக்கு விடுதலை. இடையிலை எழும்பினாளெண்டால் ஆயுள் தண்டனை."

பிள்ளை கிருசாந்திக்குப் பதினொரு வயசு. அந்த வயசுக்காரர் நகம் கடிக்கிற மர்ம சாகசக் கதை எழுதினேன். கதாநாயகன் கடற்சிங்கம் கோணா. (என் பெயர் கோணேசன். தற்செயல்தான்.)

முதல் அத்தியாயத்தில் கோணாவைக் கொள்ளையர் கட்டிப்போட்டார்கள். இரண்டாவதில் திமிங்கிலம் விழுங்கித் துப்பியது. கிருசாந்தி அசையவில்லை. மலர் லீக்ஸ் வெட்டுவதையே நிறுத்திவிட்டாள்.

மூன்றாவது அத்தியாயம். இருட்டுக் குகை. கோணாவுக்கு உயிர் போகிற தாகம். அங்கே ஒரு போத்தல்! பிள்ளைக்குப் பிடிக்கட்டும் என்று, போத்தலில் இந்த நாட்டு மொழியான டேனிஷில் ஒரு சொல் எழுதியிருந்தேன்: 'கிஃப்ட்.'

"யாரோ புண்ணியவான் வைத்துவிட்டுப் போன பரிசு! கோணா மடமடவென்று குடித்தான். புதுப்பலம் பெற்றான்..."

கிருசாந்தி துள்ளி எழும்பினாள். "நை! இல்லை! அவன் செத்துப்போனான்!"

"ஏனடி சாகிறான்?"

"அப்பா, கிஃப்ட் எண்டால் நஞ்சு!"

"ஆறு வருசமா விபோர்க்கிலை இருக்கிறியள். இது தெரியாதோ?" என்றாள் மலர்.

எப்படித் தெரியும்? எனக்குப் பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. அங்கே என் முன்னால் வருகிறவை கதைக்கிற நிலையில் வருவதில்லை.

"இன்னொரு கருத்தும் இருக்கு," என்றாள் மகள். "கலியாணம் கட்டின ஆளையும் கிஃப்ட் எண்டுதான் சொல்லுறது."

"நஞ்சுக்கும் கலியாணத்துக்கும் ஒரே சொல்லோ? விளங்கின சனம்," என்றாள் மலர்.

அத்தோடு நான் வாயைப் பொத்தியிருக்க வேண்டும். "அப்ப... 'உகிஃப்ட்' எண்டால்?"

"கலியாணம் கட்டாத ஆள்."

நான் அவசரமாக அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். மலர் கொன்வென்ரில் படித்தவள். கள்ள முழி முழிக்கிறவரைக் கண்டுபிடிக்கக் கன்னியாஸ்திரிமார் பழக்கிவிட்ட கண்.

"எங்கை கண்டனீங்கள் அந்தச் சொல்லை?"

"சும்மா..."

"சும்மா எங்கை?"

சொல்லிவிட்டேன். மலரையும் பிள்ளையையும் இந்த நாட்டுக்குக் கூப்பிட நான் நிரப்பிய படிவத்தில் இரண்டு பெட்டி. ஒன்று கிஃப்ட், மற்றது உகிஃப்ட். 'உ' என்றால் 'இல்லை' என்று என்னோடு வேலை செய்த பஸ்தியாம்பிள்ளை அண்ணை சொன்னார். கிஃப்ட் என்றால் பரிசு, அதாவது சீதனம் வாங்கிய கலியாணம், உகிஃப்ட் என்றால் வாங்காத கலியாணம் என்று நானே கண்டுபிடித்தேன். வெள்ளைக்காரனுக்கு முன்னால் தமிழன்ரை மானம் போகலாமா? உகிஃப்டில் புள்ளடி போட்டேன்.

பிறகு கலியாணப் பதிவுப் பத்திரத்தை மூன்று தரம் கேட்டெழுதினார்கள். பொறாமை என்று நினைத்தேன்.

"கோப்பாயிலை வீடும் வளவும் சீதனமா வாங்கின மனுசன், வாங்கேல்லை எண்டு பொய்! அதுவும் பிழையான பெட்டியிலை!"

"மலர், மந்திரிதானே குடும்பத்தைக் கூப்பிட்ட தமிழர் எல்லாற்றை கடதாசியையும் மறிச்சு வைச்சவர். தமிழர் வழக்கெண்டு ஒவ்வொரு நாளும் ரீவியிலை..."

"மற்றப் பெண்சாதிமாரை மந்திரி மறிச்சார். நான் ரெண்டு வருசம் பிள்ளையோடை கொழும்பிலை காய்ஞ்சது உங்களாலை!"

சாப்பாடு முடிந்தது. மலர் தன் கோப்பையையும் மகளின் கோப்பையையும் கழுவித் துடைத்து வைத்தாள். என்னுடையது மட்டும் கிடந்தது.

"கழுவிறன்," என்றேன் பணிவாக. "அதுதானே தண்டனை."

"அது பழைய தண்டனை. நீங்கள் கலியாணம் கட்டாத ஆள் எண்டு அரசாங்கத்துக்கே எழுதிக் குடுத்திருக்கிறியள். கட்டாத ஆளுக்கு நான் ஏன் சமைக்க?"

அடுத்த நாள் மாலை கிருசாந்தி அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா, கோணா பிழைப்பானோ?"

"பிழைப்பான், பிள்ளை. முதலிலை சோத்துக்கு எவ்வளவு தண்ணி விடுறதெண்டு அம்மாட்டைக் கேட்டுக்கொண்டு வா."