சின்ன அலைக்கு ஒரு மீன்பலகை

சுங்குவார்சத்திரம் தொடங்கி ஒரகடம் வரைக்கும் எத்தனை கம்பெனி உண்டோ அத்தனையிலும் சல்லடை போட்டுத் தேடினாலும், கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு கடலலையைப் பற்றித் தினமும் கவலைப்பட்ட இன்னொரு மனிதர் அகப்படமாட்டார். அவரைப் பெயர் சொல்லி யாரும் அழைத்ததில்லை. ஃபைபர் அண்ணாச்சி, அவ்வளவுதான்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு வாக்கில் நான் சுங்குவார்சத்திரத்தில் ஒரு ஆண்கள் ஹாஸ்டலுக்கு வார்டனாக இருந்தேன். கணக்கு வாத்தியாராக ஓய்வு பெற்றவனுக்கு ஏற்ற வேலை. கட்டில், தலையணை, தட்டு, வாளி என்று நாள் முழுக்க எண்ணிக்கொண்டே இருக்கலாம். வாரத்துக்கு ஒரு குளியல் மக் குறையும். அவை எங்கே போகின்றன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அண்ணாச்சி அங்கே தங்கியிருந்தவர்களில் மூத்தவர். நாற்பது தாண்டியவர், எடை தொண்ணூறு தாண்டியது. பஸ்களுக்கு ஃபைபரில் முன்முகப்பு செய்யும் பட்டறையில் சூப்பர்வைசர். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடலோரக் கிராமம். அப்பா, அண்ணன், தம்பி எல்லோரும் படகுக்காரர்கள். இவருக்கு மட்டும் படகில் கால் வைத்தாலே வாந்தி. ஆகவே ஐ.டி.ஐ.க்கு அனுப்பிவிட்டார்கள்.

அப்படிப்பட்டவர் ஒரு விடுமுறையில் தாம்பரம் தாண்டிக் கோவளம் கடற்கரைக்குப் போய், பையன்கள் பலகை மேல் நின்று அலையில் சறுக்கி வருவதைப் பார்த்துவிட்டார். வந்தது வினை.

"படகுதான் சார் எனக்கு ஒத்துக்கல. பலகை ஒத்துக்கிடும், பாருங்க."

சாப்பாட்டு பெஞ்சு மொட்டை மாடிக்குப் போயிற்று. அதில் குப்புறப் படுத்துக் காற்றில் துடுப்புப் போடுவார். திடீரென்று துள்ளி எழுவார். பெஞ்சு அலறும். கைப்பிடிச் சுவரின் உயரம் போதுமா என்று நான் நாளுக்கு ஒரு தடவை அளந்து பார்ப்பேன். எதிர் டீக்கடைக்காரர் கீழேயிருந்து குரல் கொடுப்பார்: "இன்னா அண்ணாச்சி, மோட்டார் போட்டு தண்ணி வுட சொல்லட்டா?"

மாதத்தில் ஒரு ஞாயிறு கோவளம் போய் வாடகைப் பலகையில் ஏறுவார். ஏறுவார் என்பது மரியாதைக்காகச் சொல்வது. ஒரு தடவைகூட நின்றதில்லை.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஊரில் நாலாம் வகுப்புப் படிக்கும் மகள் ஜெசிந்தாவிடம், "அப்பா அலை மேல நிக்கேன் மக்கா" என்று போனில் சொல்லிவிட்டார். அவள் வகுப்பில் சொன்னாள். வேதபாட வகுப்பிலும் சொன்னாள். பெரிய லீவுக்கு அம்மாவோடு வந்து நேரில் பார்க்கப்போகிறேன் என்றும் அறிவித்துவிட்டாள்.

"உண்மையைச் சொல்லிவிடுமே" என்றேன்.

"சொல்லிருதேன் சார். ஒரு தடவை நின்னுட்டுச் சொல்லுதேன்."

வாடகைப் பலகையில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு செய்து, சொந்தப் பலகை வாங்கக் கிளம்பினார். எனக்கு வெயில் ஆகாது, உப்புக்காற்று ஆகாது. ஆனாலும் இழுத்துக்கொண்டு போனார். கோவளத்தில் அலைப்பலகை விற்பவரின் கொட்டகையில் நுழைந்ததும் அண்ணாச்சி பையிலிருந்து, பட்டறையில் கனம் அளக்கும் வெர்னியரையும் ரசமட்டத்தையும் எடுத்தார். பலகைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

அண்ணாச்சிக்குப் பிடித்தது ஒல்லியாக, வெள்ளையாக, ஈட்டிபோல் கூர்மூக்கோடு நின்ற ஒன்று.

"அது உனக்கு வாணாம் சார்" என்றார் பலகைக்காரர். "பெரிய அலைக்கு செஞ்சது. இங்க இப்போ அலையே மொழங்கால் ஒசரந்தான் கீது. நீ ஏறுனா அது கீழ, நீ அதுக்கும் கீழ." மூலையிலிருந்து மஞ்சளாக, குட்டையாக, தடியாக ஒன்றை இழுத்தார். மொட்டை மூக்கு, அகன்ற இடுப்பு, பின்னால் இரண்டாகப் பிளந்த வால். "இது மீன்பலகை. அந்தக் காலத்து மாடலு. இப்ப திரும்பவும் ஃபேஷனாயி வந்துகிது. அகலம் ஜாஸ்தி, வளைவு கம்மி. சின்ன அலை லேசா தள்னாலே போதும், வழுக்கிகினு போவும்."

"அடியில மீன் செதிள் மாதிரி ஃபின் ரெண்டுதான் இருக்கு. மூணாவது எங்க? ஷார்ட் சப்ளையா?"

"இதுக்கு ரெண்டுதான் சார்."

"வால்ல ஏன் இம்புட்டு வெட்டு?"

"பின்னாடி அகலமாவும் இருக்கணும், திரும்பசொல்லோ தண்ணியவும் புடிக்கணும். அதுக்குத்தான் வெட்டு."

அண்ணாச்சி இரண்டு பக்கமும் அளந்தார், தட்டிப் பார்த்தார், படுத்துப் பார்த்தார், என்னையும் படுத்துப் பார்க்கச் சொன்னார். மத்தியானச் சாப்பாடு போயிற்று. நாலு மணிக்குத்தான் "அப்ரூவ்டு" என்றார்.

ஹாஸ்டல் போர்வையில் சுற்றி மூன்று பஸ் மாறிக் கொண்டு வந்தோம். அதைச் சுற்றிய விதம் சரியில்லை. ஏறிய பஸ்ஸிலெல்லாம் ஜனங்கள் எழுந்து வழிவிட்டார்கள். தாம்பரத்தில் ஒரு அம்மாள் குரலைத் தாழ்த்தி, "சின்ன வயசா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, பழைய மாடல்" என்றார் அண்ணாச்சி.

மறுநாள் அவர் முதல் ஷிஃப்டுக்குப் போனார். நான் காய்கறிக்குப் போனேன். அந்த நேரத்தில்தான் அது நடந்தது. அவர் பட்டறைப் பையன்கள் ஐந்து பேர் எங்கள் ஹாஸ்டலில்தான் இருந்தார்கள். நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர்கள் பலகையைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். ஓரம் உடைந்த பீஸ் கண்ணில் பட்டால், யாரையும் கேட்காமல் அடைத்து, தேய்த்து, மெருகேற்றி வைத்துவிடுவது அந்தப் பட்டறை வழக்கம். கஸ்டமர் கண்ணில் படுமுன் முடிந்துவிட வேண்டும். அப்படியே முடித்துவிட்டார்கள். அண்ணாச்சி திரும்பியபோது பிளந்த வால் இருந்த இடத்தில் ஒரே சீரான மஞ்சள் விளிம்பு. மேலே பச்சை ஓ.கே. ஸ்டிக்கர்.

அந்த ஐந்து பேரில் பென்னலூர் குமார்தான் முன்னால் வந்தான். "அண்ணாச்சி, உன்ன நல்லா ஏமாத்திகிறான். வாலு ஒடைஞ்ச பீஸத் தள்ளி வுட்டுகிறான். நீ ஒண்ணும் ஃபீல் பண்ணாத, நாங்க ரெடி பண்ட்டோம்."

அண்ணாச்சி குனிந்தார். விளிம்பை விரலால் தடவினார், நகத்தால் தட்டிக் கேட்டார். "ஏர் பபிள் ஒண்ணுகூட இல்லியே. யாருல பஃபிங் போட்டு மெருகேத்துனது?"

"நாந்தான் அண்ணாச்சி" என்றான் குமார்.

"நல்லா இருக்குல."

பிறகு என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். "வாலை அடைச்சுட்டானுவ சார்."

"திரும்ப வெட்டச் சொல்லும்."

"வெட்டுனா உள்ள இருக்க தெர்மாகோல் மாதிரி நுரை கிழிஞ்சு தண்ணி ஏறிரும். அது போவ, தூங்காமக் கிடந்து செஞ்சிருக்கானுவ. ஒரு பயகிட்டயும் சொல்லிராதிய."

பெரிய லீவு விட்டதும் மகள் அம்மாவோடு வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக ஒரு வேனில் கோவளம் போனோம். பலகைக்காரர் பார்த்துவிட்டு, "இன்னாபா இது? மீனு குடுத்தேன், மொறம் எடுத்தாந்துகிற?" என்றார். குமார் முகம் கறுத்தது.

"நாந்தான் மாத்துனேன். எனக்கு இப்படித்தான் வேணும்" என்றார் அண்ணாச்சி.

அலை முழங்கால் உயரம்கூட இல்லை. அண்ணாச்சி விழுந்தார். முன்னால் விழுந்தார், பின்னால் விழுந்தார், பலகை ஒரு பக்கமும் தான் ஒரு பக்கமுமாக விழுந்தார். பதினேழு வரை எண்ணினேன்; அதற்கு மேல் எண்ணுவது பாவம் என்று விட்டுவிட்டேன். ஜெசிந்தா கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஒரு அலை அவரைத் தூக்கியது. எழுந்தார், பாதி. முழங்கால் மடங்கி, பின்புறம் தாழ்ந்து, காலைக் கடனுக்கு உட்கார்ந்தவர் கோலத்திலேயே கரைவரை வந்து சேர்ந்தார். பையன்கள் விசிலடித்தார்கள். ஜெசிந்தா தண்ணீரில் இறங்கிப் போனாள்.

"எப்பா, நீங்க நிக்கலியே."

விசில் நின்றது. "நின்னாரும்மா, நான் பாத்தேன்" என்றான் குமார்.

"சும்மா கெடல." அண்ணாச்சி மூச்சு வாங்கினார். "நிக்கல மக்கா. அப்பா ஒரு நாளும் நின்னதில்ல. போன்ல சொன்னது பொய்யி."

அவள் பலகை மேல் கையை வைத்தாள். "அப்ப எறங்குங்க. நான் நிக்கேன்."

அவள் அம்மா கரையிலிருந்து கத்தினாள். நானும் கத்தினேன். யார் கேட்டார்கள்? அண்ணாச்சி பலகையைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார். அலை வந்ததும் தள்ளினார். அந்த முறத்துக்கு அவள் எடை ஒரு எடையா? ஒரு தடவை தடுமாறினாள். இரண்டாம் தடவை எழுந்தாள், நிமிர்ந்து நின்றாள், நுரை மணலில் அடங்கும்வரை வந்தாள். பக்கத்திலேயே தண்ணீரை உழுதுகொண்டு ஓடி வந்த அண்ணாச்சி போட்ட சத்தத்தில் மீன் உலர்த்துகிறவர்களெல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"நின்னுட்டா! ஏல, எம்பிள்ள நின்னுட்டால!"

திரும்பும்போது வேனில் என் பக்கம் சாய்ந்து சொன்னார்: "பலகை சரியான பலகைதான் சார். ஆளைத்தான் மாத்தி எடுத்துட்டேன்."

அடுத்த வருஷம் ஊரோடு போய்விட்டார். பலகையும் போயிற்று. ஞாயிறு காலையில் போன் செய்வார். "அவ எறங்கிட்டா சார், அலை சின்னதுதான், கேளுங்க" என்று போனைக் கடல் பக்கம் நீட்டுவார். எனக்கு இரைச்சல் தவிர ஒன்றும் கேட்காது. கொஞ்ச நேரம் கழித்து, "வச்சிரட்டுமா சார்?" என்பார்.

"இருக்கட்டும்" என்பேன்.