ஆல்பம் தயாராகிறது

"சாரே, தொங்கிட்டு."

சுயம்புராஜ் கண்ணை மூடிக்கொண்டான். போனில் பூங்கனி. நாகர்கோவில் ஸ்டுடியோ ஒன்றில் கல்யாண ஆல்பம் செய்பவள். அவன் எழுதிக் கொடுத்த மென்பொருளில் 'ஆல்பம் உருவாக்கு' பட்டனை அமுக்கினால் திரை வெளுத்து உறைந்துவிடும்.

காரணம் தெரிந்ததுதான். கல்லாவில் இருப்பவனே உள்ளே போய்ப் பரோட்டாவுக்கு மாவு பிசைந்தால், வந்தவருக்கு யார் பதில் சொல்வது? மென்பொருளுக்குள்ளும் மாவு பிசையத் தனி ஆள் போட்டான். படங்களைக் கோக்கும் வேலை பின்னால் ஓடியது. திரை உயிரோடு இருந்தது.

மறுநாளே போன். "தொங்கிட்டு சாரே."

சுசீந்திரத்திலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பார்த்தான். பட்டனைப் பலமுறை அமுக்கியதில் ஒரே ஆல்பத்துக்குப் பத்துப் பேர் மாவு பிசைந்துகொண்டிருந்தார்கள்.

"எதுக்கு இத்தன தடவ?"

"வேல நடக்கா இல்லியான்னு எப்படித் தெரியும்?"

நியாயம்தான். வேலை ஓடும்போது பட்டனை முடக்கினான். எவ்வளவு முடிந்தது என்று காட்ட ஒரு நீலப் பட்டையும், போதுமென்றால் நிறுத்த 'ரத்து' பட்டனும் வைத்தான். பட்டை நிறையப் போகும் நேரத்தில் ரத்தாகி, எல்லாம் முதலிலிருந்து.

"கை பட்டுட்டு சாரே."

அடுத்த போன் முதலாளி செல்வதாஸிடமிருந்து. "தம்பி, சாயங்காலம் கல்யாண வீட்டுக்காரங்க திரும்ப வாறாங்க. இன்னொரு மட்டம் தொங்கிச்சுன்னா பழைய சாஃப்ட்வேருக்கே போயிருவேன், பாத்துக்கோ."

சுயம்புராஜுக்கு இருந்த ஒரே வாடிக்கையாளர் அவர்தான்.

ரத்துக்கு முன்னால் 'உறுதியா?' என்றொரு கேள்வியைச் சேர்த்துவிட்டு, சாயங்காலம் அவனே பூங்கனியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இராஜாக்கமங்கலத்திலிருந்து வேன் பிடித்து வந்த பெண்வீட்டார் அவள் நாற்காலியைச் சூழ்ந்துகொண்டார்கள். பட்டை நகர்ந்தது. பின்னால் ஆல்பம் தயாராகும்போதே முன்னால் அடுத்த பக்கத்தைத் திருத்த முடிந்தது. பார்க்க அவனுக்கே ஆசையாக இருந்தது.

"மக்கா, மாமாவ இன்னும் கொஞ்சம் வெளுப்பாக்கு."

"ஏட்டி, அந்த அத்தைய எடுத்துரு. இப்போ அவளுக்கும் நமக்கும் பேச்சில்ல."

"எடுத்தா சண்டைக்கு வருவா. ஓரமா வையி."

"மாமா ரொம்ப வெளுத்துட்டாரு. பழையபடி ஆக்கு."

பெண்ணின் சித்தி சாய்ந்து உட்கார்ந்தாள். "போன தடவயெல்லாம் தொங்கிட்டுன்னு எங்கள அப்பமே அனுப்பிட்டா. இன்னைக்கு எம்புட்டு சொகமா இருக்கு!"

கடை அடைக்கும் நேரத்தில்தான் வேன் கிளம்பியது. செல்வதாஸ் அவன் தோளைத் தட்டிவிட்டு ஷட்டரை இழுக்கப் போனார்.

பூங்கனி சிவந்த கண்களோடு, முதலாளி காதில் விழாமல் சொன்னாள்: "ஒவ்வொரு தடவயும் நீங்க சரியாக்கினத நான்தான் கஷ்டப்பட்டுத் தொங்க வச்சேன் சாரே. இனி அதுக்கும் ஒரு பட்டன் வச்சுத் தாங்க."