விஞ்சு அம்புரோஸுக்குப் பேறுகால விடுப்பு

ஆண்பிள்ளைக்குக் கர்ப்பம் தரிக்காது என்பது ஊரறிந்த சங்கதி. ஆனால் தூத்துக்குடித் துறைமுகத்து ஆபீஸ் ஒன்று அதை அறிய வேண்டுமென்றால் முறைப்படி உத்தரவு வரவேண்டும். எழுபத்தெட்டாம் வருஷம் வரைக்கும் அப்படி ஒரு உத்தரவு வந்து சேரவில்லை.

அதில் மாட்டிக்கொண்டவன், சரக்குத் தூக்குகிற விஞ்சு எந்திரம் ஓட்டுகிற அம்புரோஸ். இரும்பைக் கப்பலிலிருந்து பூப்போல இறக்குகிறவன். வலது விதை கல்லுமாதிரி வீங்கியிருந்தது. வலி இல்லை, வெட்கம்தான். மாசக்கணக்கில் காலை அகட்டி நடந்து வேட்டிக்குள்ளேயே ரகசியம் காத்தவனை, பெண்டாட்டி பிலோமி காதைப் பிடிக்காத குறையாக டாக்டர் வேதமணியிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"புற்றுக்கட்டிதான் வே. எடுத்துப்போட்டா பொழச்சிக்கிடலாம். ஆனா இதுல ரெண்டு சாதி உண்டு. ஒண்ணு கதிர் வச்சா கரையும். இன்னொண்ணு முரடு, மருந்தேத்தணும். ரத்தத்துல ரெண்டு புரதத்தைப் பாத்தா இன்ன சாதின்னு துப்புக் கிடைக்கும். ஒண்ணு பிள்ளத்தாச்சிக்கு ஊறுதது, மத்தது வயித்துப் பிள்ளைக்கு ஊறுதது."

அம்புரோஸ் தன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

ரத்தம் பரிசோதனைக்கு மெட்ராஸ் போவதற்கு ஆபீஸ் சூப்பரின்டெண்டு தளவாய் அண்ணாச்சி மனசு வைக்கணும்.

"இந்தப் பரிசோதனை கர்ப்பிணிகளுக்கு மட்டும்லா வே?"

"அப்ப என்னையும் அதுல சேத்துக்கிடுங்க அண்ணாச்சி."

"சேத்துக்கிடலாம். புருஷன் சம்மதம் வேணும்."

"நான் சம்மதிக்கேன்" என்று கூட வந்திருந்த பிலோமி கைநாட்டு வைத்தாள். அண்ணாச்சிக்குத் திருப்தி.

பதில் வந்தது. புரதம் ரெண்டும் எகிறி நின்றன. "முரட்டுச் சாதிதான், உடனே மெட்ராஸுக்கு ரயிலேறும்" என்றார் டாக்டர்.

"கர்ப்பம் ஊர்ஜிதம்" என்றார் தளவாய். "மேற்படி ஆணுக்கு மேற்படி கர்ப்பம் உள்ளபடியால் சீக்கு லீவுக்கு இடமில்லை. பேறுகால விடுப்புதான். அதுக்கும் வழியில்ல. உமக்கு ஏற்கெனவே மூணு பிள்ளைல்லா? நாலாவதுக்குக் கெடையாது வே. குடும்பக் கட்டுப்பாடு!"

அம்புரோஸ் கணக்குப் போட்டுப் பார்த்தான். லீவில்லாமல் போனால் வேலை போகும், போகாவிட்டால் உசுரு போகும்.

பிலோமி முந்தானையை இழுத்துச் செருகினாள். "ஏன் அண்ணாச்சி, அந்த மூணையும் பெத்தது நான்லா? இவுகளுக்கு இதுதான் தலைச்சன்!"

தளவாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். நியாயம் நியாயம்தானே.

"சரி. தலைப்பேறுன்னா ஆத்தா வீட்டுலதான? ரயில் சீட்டும் ஆத்தா வீட்டுக்குத்தான் எழுதலாம்."

"மெட்ராஸ் ஆஸ்பத்திரிலதான இவுகளுக்கு உசுரக் குடுக்கப் போறாவ! அதுதான் இனி ஆத்தா வீடு. எழுதும்!"

எழுதினார்.

முடியெல்லாம் கொட்டி, கன்னம் ஒட்டி, ஆனால் உசுரோடு திரும்பினான் அம்புரோஸ். ஆபீஸ் வாசலில் மாதா கோயில் திருவிழா மாதிரிக் கூட்டம். துறைமுகத்து ஆம்பிளைகள் அத்தனை பேரும் பேறுகால விடுப்புக் கேட்டு வரிசையில் நிற்கிறார்கள்.

"எனக்கும் தலைச்சன்தாம்லே. எத்தன மாசம் விடுதாவ?" என்று கேட்டான் மூட்டை தூக்குகிற ஹென்றி.

"விடுவாவலே. முதல்ல டாக்டர் முன்னால வேட்டிய அவுக்கணும்."

கண்மூடித் திறப்பதற்குள் வாசல் காலி. துறைமுகத்தில் அத்தனை பேருக்கும் அப்படி ஒரு அவசர வேலை.

தளவாய் அண்ணாச்சியும் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். அம்புரோஸ் முன்னே நடந்த மாதிரியே காலை அகட்டி அகட்டி நடந்து, டாக்டர் அறை வாசல் வந்ததும் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு, விறுவிறுவென்று தாண்டிப் போனார்.